உடல் பருமனுக்கு ஆபரேஷன்: கையெழுத்துக்கு முன் சில விளக்கங்கள்



ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள். மகளுக்கு 24 வயது. உயரம் 160 சென்டிமீட்டர். எடை 96 கிலோ. பெண் பார்க்க வந்த இரண்டு வீட்டாரும் "பிறகு சொல்லி அனுப்புகிறோம்" என்று போனவர்கள், போனவர்கள்தாம். உம்மாவுக்கு இரவில் தூக்கமில்லை. வளைகுடாவில் வேலை பார்க்கும் வாப்பா, "செலவைப் பற்றி யோசிக்க வேண்டாம். வயிற்றைச் சிறிதாக்கும் ஆபரேஷன் இருக்கிறதாமே, அதைச் செய்துவிடுங்கள். மூன்று மாதத்தில் நிக்காஹ் வைத்துக் கொள்ளலாம்" என்கிறார். பாட்டியோ, "அல்லாஹ் கொடுத்த வயிற்றை அறுப்பதா? வேண்டவே வேண்டாம்" என்கிறார். மகளிடம் மட்டும் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

இவர்கள் எல்லோருடைய பேச்சிலும் பாசம் இருக்கிறது, விவரம்தான் இல்லை. வாப்பா நினைப்பது போல இது மூன்று மாதத்தில் முடியும் காரியமல்ல. பாட்டி நினைப்பது போல எல்லோருக்கும் ஆகாத காரியமும் அல்ல. இந்த ஆபரேஷனின் அபாயங்களில் ஒரு சிறு பகுதிதான் மேஜை மீது படுத்திருக்கும் அந்த இரண்டு மணி நேரத்தைச் சேர்ந்தது. பெரும்பகுதி அதற்குப் பின்வரும் ஆண்டுகளைச் சேர்ந்தது; அதாவது, சமையலறையையும் நோன்பையும் பிள்ளைப்பேற்றையும் சேர்ந்தது. இதை விளங்கிக் கொண்டால் முடிவெடுப்பது எளிதாகும்.

இது என்ன ஆபரேஷன்?

கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் சிகிச்சை என்று சிலர் இதை எண்ணிக் கொள்கிறார்கள். அது வேறு. இந்த ஆபரேஷனில் கொழுப்பைத் தொடுவதில்லை; உணவு செல்லும் பாதையையே மாற்றுகிறார்கள். இன்று அதிகமாகச் செய்யப்படுபவை இரண்டு முறைகள்.

முதல் முறையில் இரைப்பையில் ஏறக்குறைய நூற்றுக்கு 75 முதல் 80 பாகத்தை வெட்டி வெளியே எடுத்துவிடுவார்கள். மீதமிருப்பது வாழைப்பழம் போன்ற ஒரு குழாய். இதை ஸ்லீவ் என்று சொல்வார்கள். வெட்டியெடுத்ததைத் திரும்ப வைக்க வழியில்லை.

இரண்டாவது முறை பைபாஸ். இரைப்பையின் மேற்புறத்தில் சுமார் 30 மில்லி, அதாவது இரண்டு மேஜைக்கரண்டி அளவு கொள்ளும் சிறு பையை மட்டும் பிரித்து, சிறுகுடலைக் கொண்டு வந்து அதில் இணைத்துவிடுவார்கள். உணவு, இரைப்பையின் பெரும்பகுதியையும் சிறுகுடலின் முற்பகுதியையும் தொடாமல் கீழே போய்விடும். இரண்டு முறைகளிலும் உணவின் அளவு குறைவதோடு, பசியையும் சர்க்கரையையும் ஆளும் சுரப்புகளும் மாறுகின்றன. அதனால்தான் சர்க்கரை வியாதிக்காரர்கள் பலருக்கு எடை குறையும் முன்பே சர்க்கரை இறங்குவதைக் காண்கிறோம்.

டாக்டர்களே கைவிட்ட ஒரு முறை

இந்தத் துறையின் வரலாற்றில் ஒரு படிப்பினை உண்டு. 1954ல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் கிரெமன், லின்னர் முதலிய டாக்டர்கள் சிறுகுடலின் பெரும்பகுதியை விலக்கி இணைக்கும் ஒரு முறையை வெளியிட்டார்கள். 1960களிலும் 1970களிலும் அது பரவலாகச் செய்யப்பட்டது. எடை மளமளவென்று இறங்கியது, எல்லோரும் மகிழ்ந்தார்கள். ஆனால் ஆண்டுகள் செல்லச் செல்ல, ஓயாத வயிற்றுப்போக்கும், சிறுநீரகக் கற்களும், மூட்டு வீக்கமும், சத்துக்குறைவும், சிலருக்கு ஈரல் செயலிழப்பும் வந்தன. பலருக்கு மறு ஆபரேஷன் செய்து குடலைப் பழையபடி இணைக்க வேண்டி வந்தது. 1980களின் தொடக்கத்திற்குள் அந்த முறை கைவிடப்பட்டது.

1966ல் அயோவா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டாக்டர் எட்வர்டு மேசன், இட்டோ என்பவருடன் சேர்ந்து முதன்முதலில் செய்த இரைப்பை பைபாஸ்தான் திருத்தங்கள் பல பெற்று இன்றும் நிற்கிறது. பின்னர் இரைப்பையைச் சுற்றிப் பட்டை மாட்டும் முறை வந்தது. அமெரிக்க அரசு 2001ல் அதற்கு அனுமதி அளித்தது. அதுவும் சில ஆண்டுகள் ஓங்கி நின்று, பட்டை நழுவுதல், அரித்தல், எடை குறையாமை ஆகிய காரணங்களால் ஒடுங்கிவிட்டது. பட்டை மாட்டிய பலர் அதை அகற்ற மீண்டும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

இன்றைய முறைகள் அன்றையவற்றைவிட எவ்வளவோ பாதுகாப்பானவை. எனினும் முதல் ஆண்டின் எடைக் குறைவை மட்டும் பார்த்து மகிழக்கூடாது என்பதே இந்த வரலாறு சொல்லும் பாடம். "பத்து ஆண்டுக்குப் பின் எப்படி இருப்பார்?" என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

யாருக்கு அவசியம்?

டாக்டர்கள் பி.எம்.ஐ. என்று ஒரு கணக்குப் போடுவார்கள். கிலோ கணக்கில் உள்ள எடையை, மீட்டர் கணக்கில் உள்ள உயரத்தால் இருமுறை வகுக்க வேண்டும். நாம் சொன்ன மகளுக்கு 96ஐ 1.6ஆல் இருமுறை வகுத்தால் 37.5 வரும். 1991ல் அமெரிக்க தேசிய சுகாதார நிலையம் கூட்டிய அறிஞர் குழு, இந்த எண் 40க்கு மேல் இருந்தாலோ, 35க்கு மேல் இருந்து கூடவே கடுமையான நோய் இருந்தாலோ ஆபரேஷனை எண்ணலாம் என்றது. 2022ல் அமெரிக்க சங்கமும் சர்வதேசக் கூட்டமைப்பும் சேர்ந்து அந்த அளவை 35 என்று தளர்த்தின. சர்க்கரை போன்ற நோயுடையவர்களுக்கு 30லிருந்தும் எண்ணலாம் என்றன. நம்மைப் போன்ற ஆசிய மக்களுக்குக் குறைந்த பருமனிலேயே சர்க்கரையும் இருதய நோயும் வருவதால், 27.5லிருந்தே எண்ணலாம் என்றும் குறிப்பிட்டன.

எண்ணலாம் என்பது வேறு; செய்தே ஆக வேண்டும் என்பது வேறு. எண் மட்டும் முடிவு சொல்லாது. சர்க்கரை கட்டுக்கடங்காமல் இருக்கிறதா, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறதா, ஈரலில் கொழுப்பு முற்றிவிட்டதா என்று பார்க்க வேண்டும்.

நன்மையையும் மறைக்காமல் சொல்வதே நேர்மை. ஸ்வீடன் நாட்டில் 1987ல் தொடங்கிய ஓர் ஆய்வில், ஆபரேஷன் செய்து கொண்ட 2,010 பேரையும், அதே போன்ற பருமனுடன் சாதாரண சிகிச்சை பெற்ற 2,037 பேரையும் தொடர்ந்து கவனித்தார்கள். அதன் முடிவு 2007ல் வெளிவந்தது. சராசரியாக ஏறத்தாழ 11 ஆண்டுகளில் முதல் கூட்டத்தில் 101 பேரும், இரண்டாவது கூட்டத்தில் 129 பேரும் இறந்திருந்தார்கள். ஆகவே, நோய் முற்றிய பருமனுள்ள சிலருக்கு ஆபரேஷன் செய்யாமல் இருப்பதே பெரிய அபாயம். பாட்டிமார்கள் இதைக் கவனிக்க வேண்டும். நோய்க்கு மருத்துவம் தேடுவதை நம் மார்க்கம் தடுக்கவில்லை. அழகுக்காக மட்டும் உடலை மாற்றுவதையும், தீங்கை நீக்குவதற்காகச் சிகிச்சை பெறுவதையும் உலமாக்கள் வேறு வேறாகவே வைத்துப் பேசுகிறார்கள். பெண் பார்க்க வருபவர்களின் கண்ணுக்காக என்றால் ஒரு தீர்ப்பு. சர்க்கரையால் கண் பார்வை போகும் நிலையில் என்றால் வேறொரு தீர்ப்பு.

முதல் மாதத்தின் அபாயங்கள்

தையல் போட்ட இடத்திலிருந்து இரைப்பை நீர் கசிதல், இரத்தப்போக்கு, காலில் இரத்தம் உறைந்து நுரையீரலுக்குப் போய் அடைத்தல், சீழ் பிடித்தல், மயக்க மருந்தால் மூச்சுக்கு வரும் இடையூறு ஆகியவை முக்கியமானவை. அமெரிக்காவில் தேர்ந்த பத்து ஆஸ்பத்திரிகளில் ஆபரேஷன் செய்து கொண்ட 4,776 பேரைப் பற்றிய அறிக்கை 2009ல் வந்தது. முப்பது நாட்களுக்குள் ஆயிரத்துக்கு 3 பேர் இறந்திருந்தார்கள். மரணம், இரத்தம் உறைதல், மறு ஆபரேஷன், வீடு திரும்ப முடியாமை ஆகியவற்றில் ஏதாவது ஒன்று நேர்ந்தவர்கள் ஆயிரத்துக்கு 43 பேர். பழகிய கைகள் செய்த இடத்தின் கணக்கு இது. எடை மிக அதிகமாக உள்ளவர்களுக்கும், முன்பே காலில் இரத்தம் உறைந்தவர்களுக்கும், தூக்கத்தில் மூச்சு நிற்பவர்களுக்கும் அபாயம் கூடுதல்.

வீட்டார் மனதில் வைக்க வேண்டிய அடையாளங்கள் இவை: நாடித்துடிப்பு ஓய்ந்திருக்கும் போதும் 120க்கு மேல் ஓடுவது, காய்ச்சல், கூடிக்கொண்டே போகும் வயிற்று வலி, இடது தோளில் வலி, மூச்சுத் திணறல், ஒரு காலில் மட்டும் வீக்கம். இவற்றில் எது வந்தாலும் "வாயு பிடித்திருக்கிறது" என்று சுக்குக் கஷாயம் வைத்துக் கொண்டு காலை வரை காத்திருக்கக் கூடாது. அப்போதே ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

அடுத்த மாதங்களின் அபாயங்கள்

முதலாவது, வாந்தி. வேகமாகவோ அதிகமாகவோ சாப்பிட்டால் வாந்தி வரும். அது பழகப் பழக அடங்கும். ஆனால் நாட்கணக்கில் நீடிக்கும் வாந்தி சாதாரணமானதல்ல. உடலில் வைட்டமின் பி1 இருப்பு சில வாரங்களுக்கே போதும். அது தீர்ந்தால் கண் ஆடுவதும், நடை தள்ளாடுவதும், புத்தி தடுமாறுவதும் உண்டாகும். உடனே கவனிக்காவிட்டால் மூளைக்கு நிரந்தரத் தீங்கு வரும். நம் ஊர்களில் சோர்ந்து விழுந்தவருக்கு முதலில் குளுகோஸ் ஏற்றுவது வழக்கம். இந்த நிலையில் பி1 ஊசி போடாமல் குளுகோஸ் மட்டும் ஏற்றினால் கேடு இன்னும் முற்றலாம். ஆகவே எந்த டாக்டரிடம் போனாலும், "இவருக்கு வயிற்றில் இந்த ஆபரேஷன் நடந்திருக்கிறது, பல நாளாக வாந்தி" என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். ஆபரேஷன் விவரம் எழுதிய சீட்டு எப்போதும் பையில் இருக்கட்டும்.

இரண்டாவது, பித்தப்பைக் கல். எடை வேகமாகக் குறையும் போது கல் உண்டாவது சகஜம். அதைத் தடுக்கச் சில மாதங்கள் மாத்திரை கொடுப்பார்கள், நிறுத்தக் கூடாது.

மூன்றாவது, இனிப்பால் வரும் மயக்கம். பைபாஸ் செய்தவர் வட்டிலப்பமோ சர்பத்தோ சாப்பிட்டால் அது நேரே குடலில் போய் விழும். சற்று நேரத்தில் படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு, தலைசுற்றல் எல்லாம் வரும். சிலருக்கு ஒன்றிரண்டு மணி நேரம் கழித்துச் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிக் கண் இருட்டும்.

நான்காவது, மூன்று மாதம் முதல் ஆறு மாதத்திற்குள் தலைமுடி கொட்டுவது. இது பெரும்பாலும் திரும்ப வளர்ந்துவிடும். கல்யாணத்திற்காக ஆபரேஷன் செய்து கொண்ட பெண்ணுக்குச் சரியாகக் கல்யாண நாளில் முடி கொட்டும் என்பதை எத்தனை வீட்டார் அறிவார்கள்?

ஆண்டுக்கணக்கில் தொடரும் அபாயங்கள்

இரும்புச்சத்து, பி12, கால்சியம், வைட்டமின் டி ஆகியவை குறைந்து கொண்டே போகும். மாதவிலக்குள்ள பெண்களுக்கு இரத்தசோகை எளிதில் வரும். பி12 குறைந்தால் கை கால் மரத்துப் போகும். கால்சியம் குறைந்தால் எலும்பு மெலியும். இந்த மாத்திரைகள் ஆயுள் முழுதும் தேவை. ஆண்டுதோறும் இரத்தப் பரிசோதனையும் தேவை. "இப்போது நன்றாகத்தானே இருக்கிறேன்" என்று மாத்திரையை நிறுத்துகிறவர்களே பிற்காலத்தில் துன்பப்படுகிறார்கள்.

ஸ்லீவ் செய்தவர்களில் பலருக்கு நெஞ்செரிச்சல் நிலைத்து விடுகிறது. சிலருக்கு மறு ஆபரேஷன் வரை போகிறது. பைபாஸ் செய்தவர்களுக்கு, பல ஆண்டுகள் கழித்தும் குடல் உள்ளுக்குள் சிக்கிக் கொள்ளும் அபாயம் உண்டு. திடீரென்று முறுக்கிப் பிடிக்கும் வயிற்று வலிதான் அதன் அடையாளம். ஐபுப்ரோபென், டைக்ளோபினாக், ஆஸ்பிரின் போன்ற வலி மாத்திரைகளும் புகைப்பழக்கமும் பைபாஸ் இணைப்பில் புண்ணை உண்டாக்கும். மூட்டு வலிக்கு மருந்துக் கடையில் கேட்டு வாங்கி விழுங்கும் வழக்கத்தை அடியோடு விட வேண்டும்.

எடை திரும்பவும் ஏறலாம். முதல் இரண்டு ஆண்டுகளுக்குப் பின் ஓரளவு ஏறுவது பலருக்கும் உண்டு. தொங்கும் தோலும் இருக்கும். மனமும் கவனிக்கப்பட வேண்டும். முன்பு துக்கம் வந்தால் உணவில் ஆறுதல் தேடியவருக்கு இப்போது அந்த வழி அடைபட்டுவிடுகிறது. ஆபரேஷனுக்குப் பின் மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் சிலருக்குக் கூடுவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. "மெலிந்துவிட்டாய், இன்னும் என்ன கவலை?" என்று கேட்காமல், அருகில் உட்கார்ந்து பேசுங்கள், டாக்டரிடமும் சொல்லுங்கள்.

நிக்காஹும் பிள்ளைப்பேறும்

நாம் தொடக்கத்தில் சொன்ன வீட்டுக்கு மீண்டும் வருவோம். மூன்று மாதத்தில் நிக்காஹ் என்றார் வாப்பா. பருமனால் மாதவிலக்குத் தவறியிருந்த பெண்களுக்கு எடை குறையக் குறையக் கரு தரிக்கும் ஆற்றல் விரைவில் திரும்பும். ஆனால் உடல் சத்திழந்து கொண்டிருக்கும் அந்த நாட்களில் கரு தரித்தால் தாய்க்கும் நல்லதல்ல, சிசுவுக்கும் நல்லதல்ல. அதனால்தான் 12 முதல் 18 மாதங்கள் வரை பிள்ளைப்பேற்றைத் தள்ளிப் போடச் சொல்கிறார்கள். பைபாஸ் செய்தவர்களுக்கு வாய்வழி உண்ணும் தடுப்பு மாத்திரை சரிவர உடலில் சேராமல் போகலாம். வேறு முறையை டாக்டரிடம் கேட்க வேண்டும். கருவுற்ற பின் சர்க்கரையைச் சோதிக்கக் குளுகோஸ் கரைசல் கொடுப்பார்கள். பைபாஸ் செய்தவருக்கு அதுவே மயக்கத்தைக் கொண்டு வரலாம் என்பதால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கர்ப்ப காலத்தில் வரும் கடும் வயிற்று வலியைச் சூட்டுவலி என்று தள்ளிவிடக் கூடாது.

இன்னொன்று: மாப்பிள்ளை வீட்டாருக்குத் தெரியாமல் மறைத்துக் கல்யாணம் செய்வதைச் சிலர் சாமர்த்தியம் என்று எண்ணுகிறார்கள். மறைத்தால் என்ன ஆகும்? புது வீட்டில் அந்தப் பெண் மாத்திரையை ஒளித்து வைத்து விழுங்க வேண்டும். பிறகு பயந்து விட்டுவிடுவாள். விருந்தில் அள்ளி வைத்ததை மறுக்க முடியாமல் தின்று, பின்கட்டில் போய் வாந்தி எடுப்பாள். முதல் பிள்ளைக்காக எல்லோரும் அவசரப்படுத்தும் போது காரணம் சொல்ல முடியாமல் தவிப்பாள். மாப்பிள்ளைக்கு முன்னதாகவே சொல்லிவிடுவது வாய்மைக்கும் நல்லது. அந்தப் பெண்ணின் உயிருக்கும் நல்லது.

நோன்பு

"ஆபரேஷன் செய்தவர் நோன்பு வைக்கலாமா?" என்பது பலருடைய கேள்வி. ஆபரேஷன் செய்த முதல் ஆண்டில், குறிப்பாக முதல் ஆறு மாதங்களில், நோன்பு வைக்க வேண்டாம் என்றே டாக்டர்கள் பெரும்பாலும் சொல்வார்கள். காரணம் எளிது. இவர் ஒரே நேரத்தில் ஒரு தம்ளர் தண்ணீர்கூடக் குடிக்க முடியாது. நாள் முழுதும் மிடறு மிடறாகக் குடித்துத்தான் ஒன்றரை லிட்டரை எட்ட முடியும். நம் பகுதியில் 12 முதல் 14 மணி நேரம் நீளும் நோன்பில் அந்த வாய்ப்பு இல்லாமல் போகிறது.

நோயாளிக்கு அளித்த சலுகை, சூரத்துல் பகராவின் 184, 185 ஆம் வசனங்களில் தெளிவாக இருக்கிறது. அந்தச் சலுகையை ஏற்பதும் வணக்கமே. கடுமையான தீங்கு வரும் என்று அறிந்தும் பிடிவாதமாக நோன்பு நோற்பது கூடாது என்றே பிக்ஹு நூல்கள் கூறுகின்றன. விட்ட நோன்புகளைப் பின்னர் உடல் இடம் கொடுக்கும் போது களாச் செய்ய வேண்டும். இனி ஒருபோதும் இயலாது என்று டாக்டர் சொன்னால் பித்யா பற்றி உங்கள் ஆலிமிடம் கேளுங்கள்.

உடல் நிலைப்பட்டு, டாக்டரும் சம்மதித்தபின் நோன்பு வைப்பவர்கள் பேண வேண்டியவை:

1. நோன்பு திறக்க ஒரு பேரீச்சம்பழமும் சில மிடறு தண்ணீரும் போதும். சர்பத் வேண்டாம்.

2. மஃரிப் தொழுத பின் சிறு கிண்ணத்தில் பாதியளவு கஞ்சி. பஜ்ஜி, சமோசாவுக்கு இடமில்லை. முட்டை, மீன், பருப்பு ஆகிய புரதம் முதலில், சோறு கடைசியில்.

3. சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்காமல், முன்னும் பின்னும் அரை மணி இடைவெளி விட்டு, தராவீஹுக்கு முன்னும் பின்னுமாக ஸஹர் வரை மிடறு மிடறாகக் குடிக்க வேண்டும்.

4. ஸஹரை விடவே கூடாது. அதைப் பிந்தி வைத்துக் கொள்ள வேண்டும்.

5. இரும்பு மாத்திரையையும் கால்சியம் மாத்திரையையும் ஒன்றாக விழுங்காமல் இரண்டு மணி நேரம் தள்ளித் தள்ளிச் சாப்பிட வேண்டும்.

6. சர்க்கரைக்கு ஊசியோ மாத்திரையோ எடுப்பவர்கள், ரமளானுக்கு முன்பே அளவை மாற்றிக் கேட்டு வர வேண்டும்.

தானாக வரும் வாந்தியால் நோன்பு முறிவதில்லை. ஆனால் வாந்தி தொடர்ந்தாலோ, கண் இருட்டினாலோ, கை நடுங்கி வியர்த்தாலோ, சிறுநீர் மிகக் கறுத்துக் குறைந்தாலோ நோன்பை முறித்துவிடுங்கள்.

மருந்தில் ஹலால், ஹராம்

இரத்தம் உறையாமலிருக்கப் போடும் ஹெப்பரின் ஊசி, பன்றியின் குடலிலிருந்து எடுக்கப்படுவது. இதைக் கேட்டதும் சிலர் டாக்டரிடம் சொல்லாமலேயே ஊசியை மறுத்துவிடுகிறார்கள். நுரையீரல் அடைப்பால் உயிர் போகும் அபாயம் இருக்கும் போது இப்படிச் செய்யலாகாது. நிர்ப்பந்தத்தில் ஷரீஅத்தில் இடமுண்டு. பாண்டபாரினக்ஸ் என்று விலங்குச் சரக்கில்லாமல் செய்யப்படும் மருந்தும் இருக்கிறது. அது தமக்குப் பொருந்துமா என்று ஆபரேஷனுக்கு முன்பே டாக்டரிடம் பேசுங்கள். ஆயுள் முழுதும் சாப்பிட வேண்டிய வைட்டமின்களில் ஜெலட்டின் கூடுள்ளவற்றுக்குப் பதிலாக மாத்திரையாகவோ திரவமாகவோ கேட்டு வாங்கலாம்.

விருந்தும் சஹனும்

கீழக்கரை, காயல்பட்டினம் போன்ற ஊர்களில் சஹனைச் சுற்றி உட்கார்ந்து சேர்ந்து சாப்பிடுவது நம் பரக்கத்தான வழக்கம். ஆனால் ஆபரேஷன் செய்தவருக்கு நாலு கவளத்திற்கு மேல் இறங்காது. மற்றவர்களின் வேகத்திற்கு ஈடு கொடுக்கப் பார்த்தால் வாந்திதான். அவருக்குத் தனித் தட்டில் சிறிதாக எடுத்து வையுங்கள். "என் மேல் ஆணை, இன்னும் ஒரு துண்டு" என்று வற்புறுத்தாதீர்கள். வயிற்றை நிரப்பாமல் உண்ணும் முறையை நம் நபி (ஸல்) அவர்கள் காட்டிச் சென்றிருக்கிறார்கள். வீட்டார் எல்லோரும் அதைக் கடைப்பிடித்தால் இவருக்கு அது தனிமையாகத் தோன்றாது.

கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டியவை

• இந்த ஆபரேஷன் எந்த நோயை நீக்குவதற்காக? நோயே இல்லையென்றால் இப்போதே செய்ய வேண்டிய அவசியம் என்ன?

• உணவு, நடை, மருந்து ஆகியவற்றை ஒழுங்காக எத்தனை காலம் முயன்றோம்? செமாகுளூடைட் போன்ற வாராந்தர ஊசிகள் இவருக்குப் பொருந்துமா? (அவற்றையும் நிறுத்தினால் எடை திரும்பும் என்பதை அறிந்து கொள்ளுங்கள்.)

• ஸ்லீவா, பைபாஸா? எனக்கு இதை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள்?

• இந்த டாக்டர் இதுவரை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறார்? அவர்களில் எத்தனை பேருக்குக் கசிவும் மறு ஆபரேஷனும் நேர்ந்தன?

• நள்ளிரவில் சிக்கல் வந்தால் யாரைக் கூப்பிடுவது? தீவிர சிகிச்சைப் பிரிவு அதே ஆஸ்பத்திரியில் இருக்கிறதா?

• உணவு ஆலோசகரும் மனநல ஆலோசகரும் முன்னும் பின்னும் பார்ப்பார்களா?

• ஆண்டுதோறும் மாத்திரைக்கும் பரிசோதனைக்கும் என்ன செலவாகும்? சிக்கல் நேர்ந்தால் அந்தச் செலவு யார் பொறுப்பு?

இந்தக் கேள்விகளுக்குப் பொறுமையாகப் பதில் சொல்லாமல், "சலுகை இந்த மாதத்தோடு முடிகிறது" என்று அவசரப்படுத்தும் இடத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

எல்லாவற்றுக்கும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று மீதமிருக்கிறது. அது அந்த மகளிடம் கேட்க வேண்டியது: "உனக்கு இதில் விருப்பமா, மகளே?" வெட்டப்படுவது அவளுடைய வயிறு. அறுபது வயதிலும் மாத்திரை விழுங்கப் போகிறவள் அவள். அவள் விளங்கி, மனமொப்பிச் சொல்லும் சம்மதமே சம்மதம். அவள் "வேண்டாம்" என்றால், அவளை அவளாகவே விரும்பி வரும் ஒரு குடும்பத்திற்காகக் காத்திருப்பதில் நமக்கு என்ன நஷ்டம்? அவள் "வேண்டும்" என்றால், நிக்காஹ் தேதியை ஒதுக்கி வைத்துவிட்டு, ஒன்றரை ஆண்டுகள் அவள் உடலைப் பேணித் தருவது வீட்டார் எல்லோருடைய கடமை.

உடல் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதை நோயில் அழியவிடுவதும் சரியல்ல; விவரம் அறியாமல் கத்தியின் கீழ் கொண்டு போய் வைப்பதும் சரியல்ல. வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் உடல் நலத்தையும், சீர்தூக்கி முடிவெடுக்கும் தெளிவையும், பிள்ளைகளின் மனதை அறியும் பக்குவத்தையும் தந்தருள்வானாக! ஆமீன்.